முதல் திருநீறு

எனக்குக் கூட்டங்களில் கடைசி வரிசையில் உட்காரத்தான் பிடிக்கும். முழங்கால் வலி ஒரு காரணம். எழுந்து வெளியே போக வசதி. மற்றது, அங்கேயிருந்து பார்த்தால் யார் யார் கை உயர்த்துகிறார்கள் என்பது நன்றாகத் தெரியும். முப்பது வருடமாக ஒக்லாந்துத் தமிழர் கூட்டங்களுக்குப் போய் வருகிறேன். ஒருமுறைகூடத் தோற்ற பக்கத்துக்கு நான் கை உயர்த்தியதில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை. கொஞ்சம் பொறுமையும் கடைசி வரிசையில் ஒரு கதிரையும் இருந்தால் எவருக்கும் இது முடியும்.

வித்தியா, போன சனிக்கிழமை காலை நான் புட்டு அவித்துக்கொண்டிருந்தபோது, உன் அப்பாவின் குடிவரவுக் கோப்பின் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு நீ சமையலறை வாசலில் நின்றாய். "பெரியப்பா, அப்பா ரானுயியிலை இருக்கிறார் எண்டு அவங்களுக்கு ஆர் சொன்னது?" என்று கேட்டாய். நான் புட்டுக் குழலை இறக்கி வைத்துவிட்டு, ஆறுதலாக எழுதித் தருகிறேன் என்றேன். ஒரு பக்கம் போதும் என்றாய். புட்டையும் சாப்பிடாமல் பையைத் தூக்கிக்கொண்டு ரஜிதன் வீட்டுக்குப் போய்விட்டாய். ஒரு பக்கத்தில் இது அடங்காது, பிள்ளை. நான் ஆசிரியன். பின்னணி சொல்லாமல் எழுதிய விடைக்கு நான் எந்த மாணவனுக்கும் புள்ளி போட்டதில்லை.

பின்னணி இதுதான். ஊரில் எங்கள் கோயிலில் நான்கு தலைமுறையாக முதல் காளாஞ்சி எங்கள் வீட்டுக்கு. பூசை முடிந்ததும் ஐயர் தட்டில் தேங்காய், வெற்றிலை, பாக்கு, பழம், மேலே ஒரு மாலை வைத்துச் சனம் எல்லாம் பார்க்கத் தருவார். அவ்வளவுதான் காளாஞ்சி. சந்தையில் அந்தத் தேங்காயை விற்றால் ஒரு தேநீருக்குக் காணாது. ஆனால் என் அப்பா வருடத்தில் அந்த ஒரு நாளில்தான் முதுகை நிமிர்த்தி நிற்பார். நான் ஒக்லாந்துக்கு வந்து மூன்று வருடம் டாக்சி ஓடினேன். பின்சீற்றில் இருந்தவர்கள் எவருக்கும் தங்களுக்கு முன்னால் ஒரு தர்மகர்த்தா பரம்பரை உட்கார்ந்திருப்பது தெரியவில்லை. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் நான் படித்த கிரேக்க, ரோம வரலாறு பிறகு கைகொடுத்தது. இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் அதையே கற்பிக்கிற வேலை கிடைத்து, ஓய்வு பெறும்வரை அதில் இருந்தேன்.

மாணவர்களுக்கு ரோமாபுரியின் உள்நாட்டுப் போரைச் சொல்லிக் கொடுப்பேன். அவர்களுக்குப் பிடித்தவர்கள் எல்லாம் குத்தியவர்களும் குத்துப்பட்டவர்களும். எனக்குப் பிடித்தவன் பிளாங்கஸ் என்ற பிரபு. நல்ல குடும்பம். முதலில் சீசரின் படையில் இருந்தான். சீசரைக் குத்திக் கொன்ற பிறகு, குடியரசுக்காக உயிரையும் கொடுப்பேன் என்று செனட்டுக்கு மிக அழகான கடிதங்கள் எழுதினான். அந்தக் கடிதங்களின் மை காயுமுன் ஆன்டனி பக்கம் போனான். ஆன்டனியின் உயிலுக்குச் சாட்சியாகக் கையெழுத்து வைத்தான். ஆன்டனிக்கு இறங்குமுகம் என்று தெரிந்ததும் எதிரியிடம் போய், உயில் எங்கே இருக்கிறது, அதில் என்ன இருக்கிறது என்று சொன்னான். வென்றவனுக்கு அகஸ்டஸ் என்ற பட்டத்தை முன்மொழிந்தவனும் அவன்தான். கட்டிலில் கிழவனாகச் செத்தான். "சேர், இவன் சரியான பாம்பு" என்று வகுப்பில் வருடா வருடம் யாராவது சொல்வார்கள். பாம்பில்லை, அவன் ஒருவன்தான் பாடத்தின் கடைசிவரை உயிரோடு இருக்கிறான் என்று நான் திருத்துவேன். அவனைப் பற்றி ஒரு விவரத்தை மட்டும் நான் விரைவாகக் கடந்துவிடுவேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

எங்கள் கோயில் ஒனிஹங்காவில், ரயில் பாதைக்குப் பக்கத்தில், முன்பு டயர்க் கடையாக இருந்த ஒரு கொட்டகையில் தொடங்கியது உனக்குத் தெரியும். மழைக்காலத்தில் கற்பூரத்தையும் மீறி ரப்பர் மணக்கும். தேரைப் படகு இழுக்கிற டிரெய்லரின் மேல் பொருத்தியிருந்தோம். அம்மன் கார் நிறுத்துமிடத்தைச் சுற்றி வருவாள். செல்வநாயகி அக்கா, ஓய்வுபெற்ற டாக்குத்தர், யாழ்ப்பாணத்துக் குடும்பங்களுக்குத் தலைவி. பழனிசாமி, கோயம்புத்தூர்க்காரர், கம்ப்யூட்டர் நிறுவனம் வைத்திருப்பவர், தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்குத் தலைவர். செயலாளர் நான். செயலாளர் என்றால் கடிதங்களில் கையெழுத்து வைப்பவர்.

அப்படி நான் கையெழுத்து வைத்த ஒரு கடிதத்தில்தான் உன் அப்பா இங்கே வந்தான். யசீகரன் என்னைவிடப் பதினான்கு வயது இளையவன். பதிகம் பாடப் பழகியவன். கோயிலுக்கு ஓதுவார் தேவை என்று எழுதினேன். சமய ஊழியர் விசா கிடைத்தது. நீயும் உன் அம்மா கிருசாந்தியும் கூடவே வந்தீர்கள். அந்த விசா முழுக்கக் கோயிலின் கடிதத்தில் தொங்கியது. கடிதம் இருந்தால் நீங்கள் மூன்று பேரும் இங்கே, இல்லாவிட்டால் இல்லை. வருடா வருடம் அந்தக் கடிதத்தை நான்தான் அடித்தேன்.

அவன் பாட்டைப் பற்றி நான் நியாயமாகவே சொல்ல வேண்டும். நன்றாகப் பாடினான். மைக் தேவையில்லை. பக்கத்து அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் வேலை செய்கிற சமோவாக்காரர்கள் இடைவேளையில் வந்து வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பார்கள். பாட்டு முடிந்ததும் ஐயர் முதல் திருநீற்றை ஓதுவாருக்குக் கொடுப்பார். அது வழக்கம். அதற்குப் பிறகுதான் காளாஞ்சி, மாலை, மரியாதை எல்லாம். இந்த வழக்கத்தை நீ மனதில் வைத்துக்கொள்.

நீங்கள் வந்து சில வருடத்தில் ஒரு தேரன்று சண்டை தொடங்கியது. ஐயர் தட்டோடு வந்தார். செல்வநாயகி அக்கா காளாஞ்சிக்குக் கை நீட்டினா. அதே நேரம் பழனிசாமி பரிவட்டத்துக்குத் தலையைக் குனிந்தார். அவர்கள் ஊரில் முதல் மரியாதை என்றால் தலையில் பட்டுத்துணி கட்டுவது. குனிந்த தலை நீட்டிய கையில் முட்டி, தேங்காய் தட்டிலிருந்து விழுந்து, நிறுத்தியிருந்த ஒரு கொரோலாவுக்குக் கீழே உருண்டு போனது. இரண்டு பக்கத்திலிருந்தும் ஆட்கள் வேட்டியோடு தரையில் படுத்துக் கையை விட்டுத் தேடினார்கள். கொரோலா என்னுடையது. தேங்காயை நான் எடுத்து ஐயரிடமே கொடுத்தேன். இரண்டு பக்கமும் என்னைத் தங்கள் ஆள் என்று நினைத்தது அன்றைக்குத்தான்.

அடுத்த ஒன்றரை வருடம் நடந்ததைப் போர் என்று சொன்னால் பெரிய வார்த்தையாக இருக்கும். ஆனால் வேறு வார்த்தை எனக்குத் தெரியவில்லை. அக்காவின் பக்கம் நின்ற ரஜிதன் கோயில் கதவுக்கு ஒரு பூட்டுப் போட்டான். மறுநாள் பழனிசாமியின் ஆள் ராம்பிரசாத் பக்கத்திலேயே இன்னொரு பூட்டுப் போட்டான். காலைப் பூசைக்கு ஐயர் இரண்டு பேருக்கும் போன் அடித்து, இரண்டு பேரும் வந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் திறந்தால்தான் அம்மனுக்கு வெளிச்சம். இரண்டு வாட்ஸப் குழு, இரண்டு சித்திரைப் புத்தாண்டு, இரண்டு பொங்கல். உன் அப்பா இரண்டிலும் பாடினான். எந்தப் பக்கம் என்று கேட்டால், "அம்மன்ரை பக்கம் அண்ணை" என்பான். இதைவிட எரிச்சலான பதில் ஒன்றை நான் கேட்டதில்லை.

முதலில் நான் அக்காவோடு நின்றேன். அறங்காவலர் பதவி ஏழு யாழ்ப்பாணக் குடும்பங்களுக்குப் பரம்பரையாகப் போக வேண்டும் என்று கோயிலுக்கு ஒரு யாப்பு, அதாவது நிர்வாக விதி, எழுத அவ விரும்பினா. நான்தான் எழுதிக் கொடுத்தேன். சாட்சிக் கையெழுத்தும் என்னுடையது. உறையில் போட்டு ஒட்டி, அம்மனின் நகைப் பெட்டிக்குள் வைக்கும்படி ஐயரிடம் கொடுத்தோம். ஏழு குடும்பத்தில் முதலாவது எங்கள் குடும்பம். அந்த வரியை எழுதும்போது எனக்கு அப்பாவின் ஞாபகம் வந்தது, கண் கலங்கியது.

ஆனால் கடைசி வரிசையில் இருப்பவனுக்குத் தலைகள் தெரியும். மவுண்ட் ரோஸ்கில்லில் என் தெருவிலேயே மூன்று வீடுகளுக்குத் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் வந்துவிட்டார்கள், எல்லோரும் கம்ப்யூட்டர், ஆஸ்பத்திரி வேலை. அடுத்த பொதுக்கூட்டத்தில் கை எண்ணினால் அக்கா தோற்பா. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பழனிசாமி வீட்டுக்குப் போய், நகைப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று சொன்னேன். அவர் அதிர்ந்துபோனார். "இதை எழுதினது யாருங்க சார்?" என்று கேட்டார். யாரோ விஷயம் தெரிந்தவர்தான் எழுதியிருக்க வேண்டும், மொழி நன்றாக இருந்தது என்றேன். அது பொய்யில்லை.

பொதுக்கூட்டத்தில் அவர் உறையைப் பிரித்து வாசித்தார். சாட்சிக் கையெழுத்து இருந்த கடைசித் தாளை மட்டும் வாசிக்கவில்லை. அது என் வேண்டுகோள். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தா. நான் கடைசி வரிசையில் இருந்தேன். அவவுக்குக் கழுத்து வலி, அதிக நேரம் திரும்ப முடியாது.

பழனிசாமியின் பக்கம் எனக்கு நல்ல வரவேற்பு இருந்தது. அந்த வருடம் அவர்களுடைய தீபாவளி நாடகத்தில் மச்சாவதாரத்துக்கு ஆள் போதவில்லை. ஐம்பத்தாறு வயதில் உடம்பெல்லாம் நீலம் பூசி, அட்டையில் செய்த வாலைக் கட்டிக்கொண்டு மேடையில் முழங்காலால் தவழ்ந்தேன். முழங்கால் வலி அன்றைக்குத் தொடங்கியதுதான். வீட்டுக்கு வந்து நீலத்தைத் தேய்த்துக் கழுவும்போதுதான் ஞாபகம் வந்தது: பிளாங்கஸும் எகிப்தில் ஆன்டனியின் விருந்தில் நீலம் பூசி மீன்வால் கட்டி முழங்காலில் ஆடியிருக்கிறான். வரலாறு படித்தவனுக்கு இப்படி ஒரு ஆறுதல் எப்போதும் இருக்கும்.

கடைசியில் இரண்டு பக்கமும் களைத்துப்போனது. கொட்டகையின் சொந்தக்காரர் இரண்டு பூட்டையும் பார்த்துவிட்டு, குத்தகையை நீட்ட மாட்டேன் என்றார். சமாதானம் பேச வேண்டிய கட்டாயம். யார் வீட்டில் பேசுவது? இரண்டு பக்கமும் இருந்து பார்த்தவன் நான் ஒருவன்தான். அதனால் நடுநிலையானவன் என்று எல்லோருக்கும் தோன்றியது. என் வீட்டு முன்னறையில் ஒரு சனிக்கிழமை பின்னேரம், உன் பெரியம்மா சுட்ட வடையோடு உட்கார்ந்தோம். பூட்டுப் போட்டவர்கள் கோயில் பொறுப்பிலிருந்து போனால்தான் பூட்டுக் கழலும் என்று முடிவானது. பழனிசாமி ராம்பிரசாத்தை விட்டுக்கொடுத்தார். அக்கா ரஜிதனை விட்டுக்கொடுத்தா. மூன்றாவதாக ஒரு பெயர் தேவைப்பட்டது. நான் யசீகரன் என்று எழுதினேன்.

இந்த இடத்தில் ஒரு சிறு திருத்தம். மூன்றாவது பெயர் தேவைப்பட்டது என்று எழுதிவிட்டேன். யாரும் கேட்கவில்லை. பேனாவை மூடி வைத்திருந்தார்கள். நான்தான் திறந்தேன். நடுவனின் பக்கத்திலிருந்தும் ஒருவர் போகாவிட்டால் சனம் பாரபட்சம் என்று சொல்லும் என விளக்கினேன். செல்வநாயகி அக்கா வடையைக் கீழே வைத்தா.

"மகேசன், யசீகரன் என்ன செய்தவன்? அவன்ரை விசா என்னாகும்?"

"அதை நான் பாத்துக்கொள்ளுறன் அக்கா" என்றேன்.

பழனிசாமி எழுந்து வந்து என் கையைப் பிடித்தார். "சொந்தத் தம்பியவே எடுத்துட்டீங்களே சார். உங்கள மாதிரி நேர்மையான மனுசன நான் பார்த்ததில்லைங்க." அவருக்கு உண்மையாகவே கண் கலங்கியிருந்தது. நல்ல மனிதர்.

ராம்பிரசாத்துக்கும் ரஜிதனுக்கும் நட்டம் ஒன்றுமில்லை. வேறு கோயிலுக்குப் போனார்கள். உன் அப்பாவின் விஷயத்தில், ஆலயத்துக்கு இனி ஓதுவார் தேவையில்லை என்று நான் கடிதம் எழுத வேண்டியிருந்தது. எழுதினேன். அவனிடம், இரண்டு பக்கமும் சேர்ந்து உன் பெயரைக் கொடுத்துவிட்டார்கள், நான் எவ்வளவோ போராடினேன் என்று சொன்னேன். அவன் எனக்கு ஆறுதல் சொன்னான்.

பிளாங்கஸைப் பற்றி நான் வகுப்பில் விரைவாகக் கடக்கிற விவரம் இதுதான். ரோமில் தலைவர்கள் சமாதானமானபோது கொல்லப்பட வேண்டியவர்களின் பட்டியல் போட்டார்கள். ஆளுக்கொரு உறவினரை விட்டுக்கொடுத்தார்கள். பிளாங்கஸின் சகோதரனின் பெயரும் அதில் இருந்தது, பிளாங்கஸின் சம்மதத்தோடு என்று சொல்கிறார்கள். அவன் ஒரு கடற்கரை ஊரில் ஒளிந்திருந்தான். பூசிக்கொள்கிற வாசனைத் தைலத்தை மட்டும் விட முடியவில்லை. மணம் காட்டிக்கொடுத்துவிட்டது. ஆனால் அது ரோம். அங்கே கழுத்தை வெட்டினார்கள். இங்கே விமானச் சீட்டுக் கொடுக்கிறார்கள், சைவச் சாப்பாடும் கேட்டு வாங்கலாம். இரண்டையும் ஒப்பிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

விசா முடிந்தபின் ரஜிதன் உங்களை நகரத்தின் மேற்கு ஓரத்தில், ரானுயியில், தன் வீட்டுக் கராஜில் வைத்திருந்தான். நான் ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்தேன். உனக்குக் கதைப் புத்தகம் கொண்டு வந்தேன். தரையில் பாய், மூலையில் சாமிப் படம், மழை பெய்தால் கதவுக்குக் கீழால் தண்ணீர் வரும். அந்த நிலைமையிலும் அவன் காலை ஆறரைக்குக் குளித்துவிட்டுப் பாடினான். "மெதுவாப் பாடு, அக்கம்பக்கம் கேக்கும்" என்று நான் எச்சரித்தேன். "மெதுவாத்தானே பாடுறன் அண்ணை" என்றான். தெரு முனையில் காரை நிறுத்தும்போதே எனக்குக் கேட்டிருந்தது.

மாசியில் தேர் வந்தது. மூன்று வாரம் இருக்கும்போது செல்வநாயகி அக்கா போன் எடுத்தா. ஓதுவார் இல்லாமல் தேர் இழுத்தால் மனசு ஒப்பாது, யசீகரனைப் பாட விடுவோம், ஒரு சட்டத்தரணியைப் பிடித்துப் புதுக் கடிதம் கொடுத்து விசாவுக்கு மறுபடி கேட்போம் என்றா. பழனிசாமியிடமும் கதைத்துவிட்டாவாம். அவரும், "ஆமாங்க, அவர் குரல் இல்லாம கோயில் கோயில் மாதிரியே இல்லைங்க" என்றாராம். இரண்டு வருடத்தில் இரண்டு பேரும் தாங்களாகவே ஒத்துப்போன முதல் விஷயம் அது. கடிதத்தில் என் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

எனக்கு எரிந்தது. இதைச் சொல்ல நான் வெட்கப்படவில்லை. சமாதான ஒப்பந்தத்தின்படி அந்தத் தேருக்கு முதல் காளாஞ்சி நடுவனுக்கு, அதாவது எனக்கு. அக்காவுக்குக் கொடுத்தால் பழனிசாமி விடமாட்டார். அவருக்குக் கொடுத்தால் அக்கா விடமாட்டா. அதற்காக நான் இரண்டு பக்கமும் நின்று, மீனாகத் தவழ்ந்து, யாப்பு எழுதி, யாப்பைக் காட்டிக்கொடுத்து வந்திருக்கிறேன். நான் தட்டுக்காக நிற்கும்போது ஐயர் என்னைத் தாண்டிப் போய் என் தம்பியின் கையில் முதல் திருநீற்றைக் கொடுப்பார். சனம் எல்லாம் அவனைத்தான் பார்க்கும். இரண்டு பக்கமும் முதல் ஆள் யார் என்று அடித்துக்கொண்ட காலம் முழுக்க, முதல் ஆள் ஒருவன் இருந்துகொண்டுதான் இருந்தான். கண்டது நான் ஒருவன். கடைசி வரிசையில் இருந்து பார்த்தால் தெரிகிறது என்றேனே.

திங்கட்கிழமை இடைவேளையில், பள்ளிக்கூடத்து ஆசிரியர் அறையிலிருந்து போன் எடுத்தேன். பக்கத்தில் தேநீரும் இரண்டு பிஸ்கற்றும் இருந்தன. எதிர்முனையில் ஒரு பெண், மிகவும் பணிவானவள். முகவரியைக் கொடுத்தேன். அந்த ஆள்தான் என்று எப்படி நிச்சயமாகச் சொல்கிறீர்கள் என்று கேட்டாள். காலை ஆறரைக்குப் பாடுவார் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். என்ன மாதிரியான பாட்டு என்று கேட்டாள். சமயப் பாட்டு என்று சொல்லியிருந்தால் போதும். ஆனால் இத்தனை வருடம் கற்பித்தவனுக்கு அரைகுறை விடை வாயில் வராது. அது இந்தளம் என்ற பண், மிகப் பழையது, இந்த நகரத்தில் அதைச் சுத்தமாகப் பாடக்கூடியவர் அவர் ஒருவர்தான் என்று விளக்கினேன். தம்பியைப் பற்றி ஒரு வெளியாளிடம் நான் அவ்வளவு உயர்வாகப் பேசியது அதுதான் முதல் தடவை. அவள் நன்றி சொன்னாள். மணி அடித்தது. வகுப்புக்குப் போனேன்.

அடுத்த கிழமை பிடித்தார்கள். உன்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவந்தது நான். வழியில் மூலைக்கடை டெய்ரியில் உனக்கு ஐஸ்கிரீம் வாங்கித் தந்தேன். இரண்டு ஸ்கூப், நீ கேட்ட ஹோக்கி போக்கி. வியாழக்கிழமை விமான நிலையத்தில், உங்கள் மூன்று பேரையும் ஏற்றி அனுப்புமுன், உன் அப்பாவை ஐந்து நிமிடம் பார்க்க விட்டார்கள். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "அண்ணை, நீங்கள் உங்களாலை ஏலுமான எல்லாம் செய்தனீங்கள்" என்றான். அது உண்மைதான். ஞாயிற்றுக்கிழமை தேர். அவன் குரலை யாரோ போனில் பதிந்து வைத்திருந்தார்கள், அதை ஒலிபெருக்கியில் போட்டார்கள். போனுக்குத் திருநீறு கொடுக்க முடியாது. ஐயர் நேராக என்னிடம் வந்தார்.

யாரோ தகவல் கொடுத்துவிட்டார்கள் என்று அன்றைக்கு எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். அக்கா பக்கம் பழனிசாமி பக்கத்தைச் சந்தேகித்தது, அவர்கள் இவர்களை. ஆகவே நடுவன் இன்னும் அவசியமாகிப் போனான். பத்து வருடமாக முதல் காளாஞ்சி எனக்குத்தான். உன் பெரியம்மாவுக்கு இதெல்லாம் கடைசிவரை தெரியாது. உன் அப்பா சாவகச்சேரியில் வாகனம் ஓடுகிறான், பாடுவதில்லை என்று கேள்விப்பட்டேன். ஒவ்வொரு வருடப் பிறப்புக்கும் எனக்குப் போன் எடுக்கிறான். உனக்கு இங்கே தாதியர் படிப்புக்கு இடம் கிடைத்தபோது, "பெரியப்பா இருக்கிறார், பயப்பிடாமல் போ" என்று அனுப்பினான். நானும் உனக்கு வெயில் விழுகிற அறையைத் தந்தேன்.

கோப்பில் தகவல் கொடுத்தவரின் பெயரைக் கறுப்பு மையால் மறைத்திருக்கிறார்கள். கவனமான ஆட்கள். ஆனால் பாட்டின் பண் என்னவென்று எழுதியிருப்பதை மறைக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. "இந்த ஊரிலை இந்தளம் எண்டு சொல்லத் தெரிஞ்ச ஆக்கள் எத்தினை பேர் பெரியப்பா?" என்று நீ அன்றைக்கு வாசலிலேயே கேட்டபோது, நான் உண்மையில் சந்தோசப்பட்டேன். ஆதாரத்தை வாசிக்கத் தெரிந்த பிள்ளை நீ. என் வகுப்பில் அப்படி இரண்டு பேர்தான் இருந்தார்கள்.

ஆக, ஆர் சொன்னது என்று கேட்டாய். நான் சொன்னேன். பட்டியலில் எழுதியதும் நான். கடிதத்தில் எழுதியதும் நான். போன் எடுத்ததும் நான். நீ இதை உன் அப்பாவுக்கு அனுப்பலாம். அவன் நம்பமாட்டான், ஆனால் அனுப்பலாம்.

இனி வருகிற ஞாயிற்றுக்கிழமை விஷயம். இந்த வருடத் தேரன்று எனக்கு வாழ்நாள் அறங்காவலர் என்ற பட்டம் தருகிறார்கள். பட்டத்தின் பெயரை முன்மொழிந்தவன் நானே. கோயில் வாசலில் ஒரு கல்லும் பதிக்கிறார்கள். பிளாங்கஸின் சமாதி இன்றைக்கும் இத்தாலியில் ஒரு குன்றின் மேல் நிற்கிறது. அவன் வகித்த பதவிகள், கட்டிய கோயில், நிறுவிய நகரங்கள் எல்லாம் அதில் வெட்டியிருக்கின்றன. சகோதரனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் அப்படிச் செய்யவில்லை. கல்லின் அடியில், சிறிய எழுத்தில், முன்னாள் ஓதுவார் யசீகரன் என்றும் போடச் சொல்லியிருக்கிறேன்.

நீ அன்றைக்குப் பாடப் போகிறாய் என்று செல்வநாயகி அக்கா சொன்னா. கோயிலில் இரண்டு தரம் பாடிக் காட்டினாயாம், அப்பாவின் குரல் அப்படியே இருக்கிறதாம், ஐயரே அழுதுவிட்டாராம். கேட்கச் சந்தோசமாக இருந்தது. ஆனால் சோதனை வருகிற நேரம், குரலுக்கும் உடம்புக்கும் ஓய்வு வேண்டும், கொஞ்சம் யோசித்துப் பார். ரஜிதனின் டெய்ரியில் நீ கிழமைக்கு எத்தனை மணித்தியாலம் நிற்கிறாய், மாணவர் விசாவில் எத்தனை மணித்தியாலம் நிற்கலாம் என்றெல்லாம் நான் யாரிடமும் கதைத்ததில்லை. கதைக்கவும் மாட்டேன். எங்கள் குடும்பத்தில் ஒருவரை ஒருவர் விட்டுக்கொடுக்கிற வழக்கம் இல்லை.